வழியனுப்பும் ஜெபம்

போதகர் வேதப் புத்தகத்தைப் பிரித்ததும், ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த அவர் மனைவி கையை நீட்டி அதன்மேல் வைத்தாள். ஊசி குத்திய இடம் நீலம் பாரித்திருந்தது.

"அந்த வழிப்போக்கன் கதை எனக்கு வேணாங்க."

சாகக் கிடக்கிறவர்களிடம் அவர் எப்போதும் சொல்வது அதுதான். ஆத்துமா ஒரு வழிப்போக்கன், இந்த உடம்பு அது தங்கிப்போகும் சத்திரம், தகப்பன் வீட்டுக்குக் கிளம்புகிறவனைப் பார்த்து யாராவது அழுவார்களா? அவர் குரலில் அதைக் கேட்டால் அடம்பிடிக்கிறவர்கள்கூடச் சாந்தமாகக் கண்ணை மூடிவிடுவார்கள் என்று சபையில் பேச்சு. "ஐயா வந்துட்டாரா, அப்ப டிக்கெட் கிழிச்சாச்சு" என்று இளவட்டங்கள் கேலி பேசுவதும் உண்டு.

அவளோ நிஜமாகவே வழிப்போக்கியாக வாழ்ந்தவள். சபை அவரை மாற்றும்போதெல்லாம் பாத்திரங்களைப் பழைய சேலையில் சுற்றிக் கட்டினாள். எந்த வீடும் சொந்தமில்லை என்பதால் சுவரில் ஓர் ஆணிகூட அடிக்கவில்லை. மகளின் கல்யாணப் படம் இன்றும் அலமாரிக்குப் பின்னால்தான் சாய்ந்து நிற்கிறது. ஒருமுறை, அவள் வைத்த எலுமிச்சை முதன்முதலாகப் பூத்த வாரத்தில் மாற்றல் வந்தது. "நாம இங்க தங்க வந்தவங்க இல்லம்மா" என்றார் அவர். அவள் லாரியில் ஏறினாள்.

இப்போதும் ஆறுதலாக ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"சும்மா இருங்கப்பா. அம்மா பேசட்டும்" என்றாள் தலைமாட்டில் நின்ற மகள்.

மனைவி மூச்சைச் சேர்த்துக்கொண்டாள். "எத்தனை பேரை வழியனுப்பி வச்சிருப்பீங்க. என்னை ஒரு தடவை போகாதன்னு சொல்லுங்களேன். நான் போகத்தான் போறேன். இருந்தாலும் சொல்லுங்க."

கதவுக்கு வெளியே சபையார் ஜெபத்துக்காகக் காத்திருந்தார்கள். அவர்களில் பலருடைய தாய் தகப்பனை அவர்தான் அனுப்பிவைத்திருந்தார். இதைச் சொன்னால், அன்று சொன்னதெல்லாம் என்ன ஆகும்?

"போகாத" என்றார் வாய்க்குள்.

"கேக்கல."

"போகாத. என்னை விட்டுட்டுப் போகாத."

வெளியே முணுமுணுப்பு அடங்கியது. அவள் கண்களை மூடிக்கொண்டாள். மூச்சுக்கும் மூச்சுக்கும் இடைவெளி நீண்டது. மகள் நர்ஸைக் கூப்பிட ஓடினாள். திறந்த கதவின் வழியே சபை மூப்பர் எட்டிப்பார்த்தார்.

"ஐயா, ஜெபம் பண்ணிடலாமா?"

போதகர் திரும்பவில்லை. கால்மாட்டில் உட்கார்ந்து, போர்வையை விலக்கி, அவள் பாதங்களை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். விரல்கள் சில்லிட்டிருந்தன. இரண்டு கைகளாலும் உள்ளங்காலை அழுத்தித் தேய்த்தார். சூடு ஏறுகிறதா என்று நிறுத்திப் பார்த்தார். மறுபடியும் தேய்க்கத் தொடங்கினார்.