சோபாவில் என் இடம்

ஆகஸ்டு மாதம் ஐந்தாம் நாள், திங்கட்கிழமை. விடியற்காலை முதல் தூறல் விடாமல் பெய்தது. வானம் கழுவாத பாத்திரம்போல் மங்கிக் கிடந்தது. வீட்டைவிட்டு வெளியேறாமல் இருப்பதற்கு அதனினும் சிறந்த நாள் அமையாது.

நான் மின்தூக்கிகளைப் பழுதுபார்ப்பவன்; பணி பகலில். என் மனைவி மருத்துவமனைச் செவிலி. அவள் பணி இரவில். திருமணமான நாள்முதல் அதுவரை இருவருக்கும் ஒரே வாரத்தில் விடுப்பு கிடைத்ததே இல்லை. ஆகவே எங்கள் வீட்டில் திரைப்படம் பார்ப்பதற்கென்று தனி வழக்கம் ஒன்று உண்டு. மாலையில் அவள் புறப்படும்வரை பாதிப் படத்தைச் சேர்ந்து பார்ப்போம். மீதியை அவள் காலையில் திரும்பி வந்து பார்ப்பாள். நண்பகலில் நான் சாப்பாட்டு டப்பாவுடன் ஏதேனும் ஒரு கட்டடத்தின் மொட்டைமாடியில் அமர்ந்திருக்கையில், தொலைபேசியில் அழைத்து முடிவைச் சொல்லுவாள். நான் அறிந்த முடிவுகள் யாவும் அவள் குரலில் கேட்டவையே.

அவ்வாரம்தான் முதன்முறையாக இருவருக்கும் ஒருசேர விடுப்பு கிடைத்திருந்தது; அவளருகே அமர்ந்து முடிவுகளைக் கண்ணால் காணலாம் என்று நான் காத்திருந்தேன். அன்று பத்து மணிக்கே அழைப்புமணி ஒலித்தது. தோளில் ஒரு பையும் கையில் ஒரு காலணிப் பெட்டியுமாக அவளுடைய தம்பி நின்றான்.

"மாமா, வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கிறாங்க. நாத்தம் தாங்கல. ஒரு வாரம் இங்கதான்."

பெட்டிக்குள் காலணி இல்லை. வீடியோ கேம் கருவி இருந்தது. அவன் சோபாவின் நடுவில் அமர்ந்தான். அவனுக்கு வலப்புறம் என் மனைவி. இடப்புறம் அவனுடைய பை. எனக்குச் சாப்பாட்டு மேசையின் நாற்காலி வாய்த்தது.

ஒரே கயிற்றில் பிணைக்கப்பட்ட இருவர் பனிமலை ஏறுவதே அவ்விளையாட்டு. ஒருவர் தவறினால் மற்றவரும் விழுவார். அக்காளும் தம்பியும் கண்ணால் பேசிக்கொண்டு ஏறினார்கள்.

"ராக்கெட், இடது பக்கம்! இடது பக்கம்!"

"தெரியும்டா வாலு, நீ கயித்த இழுக்காத!"

என் மனைவிக்கு ராக்கெட் என்றொரு பெயர் உண்டென்பதை அன்றுதான் அறிந்தேன். இத்தனை ஆண்டுகள் என்னோடு வாழ்ந்தவள், அப்பெயரை எனக்கு ஒருமுறையேனும் சொன்னதில்லை.

புதன்கிழமை எனக்கும் ஒரு வாய்ப்பு அளித்தார்கள். முதல் பாறையிலேயே தவறினேன். என்னோடு அவளும் விழுந்தாள். மீண்டும் ஏறினோம், மீண்டும் விழுந்தோம்.

"லிப்ட் மெக்கானிக்னு பேரு. கீழ மட்டும்தான் போறாரு!" என்றான் தம்பி.

அவள் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். நான் கருவியை மேசைமேல் மெதுவாக வைத்தேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

"டேய், உங்க மாமா காதுல புகை வருது. போய் ஜன்னலத் திற."

மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் அவ்வாறே கழிந்தன. படம் ஓடினாலும் அவர்கள் பேச்சு மலையிலேயே இருந்தது. நான் தேநீர் போட்டேன், துணி மடித்தேன், எவரும் கேளாமலே மின்விசிறியைக் கழற்றித் துடைத்தேன். துடைக்கும்போது ஓர் எண்ணம் தோன்றியது. மலை அவனுடையதாக இருக்கட்டும். படங்கள் எங்களுடையவை அல்லவா?

சனிக்கிழமை பிற்பகல், நாங்கள் முன்பு பாதியாகப் பார்த்த படமொன்றைத் தேடி எடுத்தேன். கொள்ளையடித்த பையோடு தப்பிச் செல்லும் ஒரு வாடகைக் கார் ஓட்டுநரின் கதை அது. அவன் மனைவி அவனைப் பிரிந்து போய்விட்டாள்.

"வேண்டாங்க, வேற போடுங்க," என்றாள் மனைவி.

"இது நம்ம படம்," என்றேன். பிறகு மைத்துனனிடம் திரும்பினேன். "மாப்ளே, கடைசில என்ன ஆகும்னு இப்பவே சொல்றேன், கேட்டுக்க. பைய போலீஸ் ஸ்டேஷன் வாசல்ல வெச்சுட்டுப் போயிடுவான். மழை. ஒரு பொண்ணு கை காட்டுவா. பின்சீட்ல ஏறுவா. எங்க போகணும்னு கேப்பான். 'வீட்டுக்கு'ன்னு சொல்லுவா. திரும்பிப் பாத்தா அவன் பொண்டாட்டி."

அவள் தொலைபேசியில் இம்முடிவைச் சொன்ன அன்று, அதைக் கேட்டு மொட்டைமாடியில் நான் சாப்பிட மறந்திருந்தது உண்மை.

படம் முடிவை நெருங்கியது. மழை பெய்யவில்லை. எவளும் கை காட்டவில்லை. கார் பாலத்தை இடித்துக்கொண்டு ஆற்றில் விழுந்தது, பை மிதந்தது, பெயர்கள் ஓடத் தொடங்கின.

"மாமா, நீங்க எந்தப் படத்தப் பாத்தீங்க?" மைத்துனன் சோபாவில் உருண்டு சிரித்தான்.

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் தலையணை உறையின் நூலைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஷிப்ட் முடிஞ்சு வந்து உக்காந்தா அஞ்சு நிமிஷத்துல தூங்கிடுவேங்க. முடிவ எங்க பாக்கறது? நீங்க டப்பாவத் திறக்காம என் போனுக்குக் காத்துட்டிருப்பீங்க. அதான்... எதாவது சொல்லுவேன்."

"எல்லாப் படத்துக்குமா?"

"ஒண்ணு ரெண்டு பாத்திருப்பேன்."

"அந்தக் கப்பல் படம்? நாய் திரும்பி வருமே?"

"நாய் பாவம்ல. சாகவிட மனசு வரல."

நான் ஏமாற்றப்பட்டவனாக உணர்ந்திருக்க வேண்டும். மாறாக, தூக்கத்தில் கண் சொருகும் ஒருத்தி, எனக்காக ஓர் ஆற்றை விலக்கி மழையை வரவழைத்ததை எண்ணிக்கொண்டிருந்தேன்.

மைத்துனனின் சிரிப்பு நின்றுவிட்டிருந்தது.

"ஏன்க்கா, சின்ன வயசுல எத்தன படம் சேர்ந்து பாத்தோம்? வில்லன் யாருன்னு முதல்லயே சொல்லி எல்லாத்தையும் கெடுத்தவ நீ. எனக்கு ஒரு நாயக்கூட பொழைக்க வெச்சதில்ல."

"போடா, நீ எப்ப காத்திருந்த? பாதிலயே எந்திரிச்சு ஓடிருவ."

அவன் விளையாட்டுக் கருவியின் கம்பிகளைச் சுருட்டிக் காலணிப் பெட்டியில் அடைக்கலானான்.

"டேய், கடைசிச் சிகரம் பாக்கி இருக்குடா!"

"நான் இனி ஏறல. உச்சில என்ன இருக்குன்னு நீயே கதை கட்டி எனக்கும் போன் பண்ணிச் சொல்லு. பெயின்ட் காஞ்சிருக்கும்."

"மாப்ளே, ஜன்னலத் திறக்கட்டுமா?" என்றேன்.

அவன் என்னை முறைத்தான்; பிறகு அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. தேநீர் அருந்திவிட்டுத்தான் சென்றான். கதவைச் சாத்திவிட்டு வந்து, நாற்காலியை மேசைக்குள் தள்ளி, சோபாவின் நடுவில் அமர்ந்தேன். அவள் ஒரு புதிய படத்தைப் போட்டாள். பாதி வந்ததும் நானே நிறுத்தினேன்.

"மீதிய நீ சொல்லு, ராக்கெட்," என்றேன்.

அவள் என் தோளில் சாய்ந்து, "ஒரு ஊர்ல..." என்று தொடங்கி, அப்படியே உறங்கிப்போனாள். அப்போது மணி மாலை ஆறு பதினேழு; மற்ற நாட்களில் அவள் பணிக்குப் புறப்படும் நேரம்.