மேல் பாதிக் கண்ணாடி

கண்ணாடிக்கடைக்காரருக்கு ஐம்பத்திரண்டு வயது. கடைக்கு வருகிற அத்தனை பேருடைய கண்ணும் அவருக்கு அத்துப்படி. யாருக்கு எந்தக் கண்ணில் எவ்வளவு பவர், பவர் ஏறியதை வீட்டில் மறைக்கிறவர் யார், அழகுக்காக மட்டும் போட்டுக்கொண்டு திரிகிறவர் யார், எல்லாம் விரல்நுனியில். ஒரு கண்ணை மூடச் சொல்லி, வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, இல்ல அதுவா?" என்று நாள் முழுக்கக் கேட்டுக் கேட்டு, ஜவுளிக்கடையில் இரண்டு சட்டையைத் தூக்கிக் காட்டும்போதுகூட அதே குரலில்தான் கேட்பார். அப்பேர்ப்பட்ட மனிதருக்கு இந்த வருடம் மண் தட்டு மட்டும் சிக்கவே இல்லை.

மண் தட்டு என்றால் சாப்பிடுகிற தட்டு என்று நினைத்துவிடாதீர்கள். காப்பி சாசர் அளவுக்கு ஆரஞ்சு நிறத்தில் ஒரு வஸ்து. மைதானத்தில் ஒரு பள்ளம், பள்ளத்துக்குள் ஒரு எந்திரம். துப்பாக்கியைத் தோளில் வைத்துக்கொண்டு "விடு!" என்று கத்தினால் பின்னாலிருந்து ஒருவர் பட்டனை அமுக்குவார். தட்டு விர்ரென்று கிளம்பும், இடதா வலதா என்று முன்கூட்டிச் சொல்லாது. விழுவதற்குள் சுட்டு உடைக்க வேண்டும். ஒரு சுற்றுக்கு இருபத்தைந்து தட்டு. இவ்வளவுதான் விளையாட்டு. இதற்காக வளர்ந்த மனிதர்கள் விடுமுறை நாளில் விடியற்காலையில் எழுந்து போகிறார்கள்.

பட்டனை அமுக்குவது யார் தெரியுமா? நம்மவருடைய வீட்டுக்காரி. உயரமான ஸ்டூலில் உட்கார்ந்து, மடியில் கணக்குத் தாளை வைத்துக்கொண்டு, தட்டு உடைந்தால் "பட்டது" என்பாள், உடையாவிட்டால் "போச்சு" என்பாள். துப்பாக்கி சுடும் கிளப்பில் வேறு யாரும் அந்த வேலைக்கு வரவில்லை, இவள் பதினோரு வருடமாகப் பார்க்கிறாள். தட்டிலிருந்து ஒரு சின்னத் துண்டு பறந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. பால் பொங்கி அடுப்பில் வழிந்துவிட்டால் சொல்வோமே ஒரு "போச்சு", அதே ராகம். அது கட்டிய புருஷனுக்கும் ஒன்றுதான், வழியோடு வந்தவனுக்கும் ஒன்றுதான்.

கிளப்பின் அணியில் ஐந்து பேருக்குத்தான் இடம். முதல் நான்கு இடத்துக்கு நம்மவர் என்றைக்குமே ஆசைப்பட்டதில்லை. ஆனால் ஐந்தாவது இடம் பதினோரு வருடமாக அவருடையது. அணியின் நீலக் கோட்டை அவரே இஸ்திரி போடுவார், வேறு யார் கையிலும் கொடுக்க மாட்டார். இந்த வருடம் பதினேழில் ஆரம்பித்து, பதினைந்து, பன்னிரண்டு என்று இறங்கிக்கொண்டே வந்தார். கிளப் செயலாளர் பல் டாக்டர். பல்லைப் பிடுங்குவதற்கு முன்னால் பேசுகிற அதே இதமான குரலில் ஒரு நாள் சொன்னார்.

"சனிக்கிழமை ரெண்டு சுற்று தர்றோம். ஏதாவது ஒண்ணுல பதினெட்டு எடுத்துட்டீங்கன்னா இடம் உங்களுக்குத்தான். இல்லன்னா, தப்பா நினைக்காதீங்க, பேக்கரிக்காரருக்குக் குடுத்துடுவோம்."

வலித்தது. பேக்கரிக்காரர் வேறு யாருமில்லை, நம்மவரின் சொந்த மச்சினன், வீட்டுக்காரியின் தம்பி. துப்பாக்கியைத் தொட்டே ஒரு வருடம்தான் ஆகிறது. அதிகாலை மூன்று மணிக்கு அடுப்பு மூட்டிவிட்டு, கண் எரிச்சலோடு வந்து, கொட்டாவி விட்டுக்கொண்டே பத்தொன்பது எடுக்கிறான். வெளியாள் கையில் தோற்றாலாவது பரவாயில்லை, இவனை வாரம் தவறாமல் சாப்பாட்டு மேசையில் பார்த்தாக வேண்டுமே!

கோளாறு எங்கே என்று நம்மவர் தானே கண்டுபிடித்தார். துப்பாக்கிக் குழலின் முனையில் கடுகு அளவுக்கு ஒரு பித்தளைக் குமிழ் இருக்கும். வயதாக ஆக, அது அவருக்கு மங்கலாகத் தெரிய ஆரம்பித்திருந்தது. "குமிழே தெரியலன்னா குறி எப்படி விழும்?" என்று கடையின் பின்னறையில் நான்கு நாள் குந்தியிருந்து ஒரு கண்ணாடி செய்தார். சாதாரணமாகப் படிக்கிற பவர் கண்ணாடியின் கீழ்ப் பாதியில் இருக்கும். துப்பாக்கிக் கட்டையில் கன்னத்தை வைத்தால் தலை சாய்ந்து, பார்வை கண்ணாடியின் மேல் பாதி வழியாகப் போகும் அல்லவா? ஆகவே பவரைத் தூக்கி மேலே வைத்தார். கீழ்ப் பாதி வெறும் கண்ணாடி. உலகத்தில் யாருக்கும் தோன்றாத யோசனை என்று அவருக்கு வாயெல்லாம் பல்.

வீட்டுக்காரி பீன்ஸ் நறுக்கிக்கொண்டே ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"ஏங்க, சுடும்போது தட்டைப் பாக்கணுமா, குமிழைப் பாக்கணுமா?"

"உனக்குப் பட்டன் அமுக்கத் தெரியும். வில்லையைப் பத்தி என்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரியாதுங்க," என்று அவள் அடுத்த பீன்ஸை எடுத்தாள்.

கிளப்பின் தோட்டா அறைச் சுவரில், நுழைந்ததும் முகத்தில் அடிக்கிற மாதிரி பெரிய எழுத்தில் ஒரு பலகை உண்டு. கன்னம் கட்டையில். கண் தட்டில். கை நிற்கக் கூடாது. மூன்றே வரி. அதை எழுதியது பதினோரு வருடத்துக்கு முன்னால் நம்மவரேதான், பெயின்ட் கொட்டிய பேண்ட் இன்னும் வீட்டில் கிடக்கிறது. புதிதாக வருகிறவர்களுக்கு அதைக் காட்டுவார். தனக்கு அது எதற்கு என்று அவர் மட்டும் அதைத் திரும்பப் படித்ததில்லை.

சனிக்கிழமை வந்தது. நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டு, மேல் பாதிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கன்னத்தைக் கட்டையில் வைத்தார். அடடா! குமிழ் என்ன தெளிவு! பித்தளையில் விழுந்த கீறல் தெரிந்தது, கீறலில் உட்கார்ந்திருந்த தூசி தெரிந்தது. உற்சாகமாக "விடு!" என்றார். தூரத்தில் ஆரஞ்சு நிறத்தில் ஏதோ ஒரு கலங்கல் நகர்ந்தது. டமால்.

"போச்சு."

வெயில் கண்ணில் அடிக்கிறது என்றார். அடுத்த "போச்சு"வுக்குத் தோட்டாவில் ஈரம் என்றார். அப்புறம் எந்திரம் கோணல் என்றார், பல் டாக்டர் இருமினார் என்றார், பத்தாவது தட்டு கிளம்பவே இல்லை என்று சாதித்தார். அதே பத்தாவது தட்டு புல்லில் முழுசாக உட்கார்ந்து அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. சுற்று முடிந்தபோது பட்டது ஆறு, போச்சு பத்தொன்பது. பேக்கரிக்காரன் கொட்டாவியைக்கூடப் பாதியில் நிறுத்திக்கொண்டான், பாவம், சிரிப்பு வரக்கூடாதே என்று.

இரண்டு சுற்றுக்கும் நடுவே அரை மணி நேரம். நம்மவர் கொட்டகைக்குப் பின்னால் இருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தார். கோட்டின் பித்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். வீட்டுக்காரி ஃபிளாஸ்க்கிலிருந்து டீயை ஊற்றிக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பதினோரு வருசம்," என்றார். "அந்த அஞ்சு பேர்ல நானும் ஒருத்தன்னு சொல்லிக்க எனக்கு வேற என்ன இருக்கு?"

டீ ஆறியது. அப்போதுதான் முதல் முறையாக அவருக்கு அந்தக் கேள்வி வந்தது.

"நீ பின்னாடி உக்காந்து பாத்துக்கிட்டே இருக்கியே. என்னதான் நடக்குது?"

"இப்பத்தான் கேக்கத் தோணுச்சா?" என்றாள். "குழல் தட்டை அழகாத் துரத்திக்கிட்டுப் போகும். போய்ச் சேர்ற நேரம் பாத்து டக்குன்னு நிக்கும். குமிழ் இருக்கா இருக்கான்னு எட்டிப் பாக்குறீங்க. அதுக்குள்ள தட்டு போயிடும். உங்க ரவை எல்லாம் தட்டு போன வாரம் இருந்த எடத்துக்குப் போகுது."

"எத்தன நாளா இப்படி?"

"வருசம் பூரா."

"சொல்லக் கூடாதா?"

"கடைக்கு வர்றவங்க எல்லார்கிட்டயும் இது தெளிவா அது தெளிவான்னு கேக்குறீங்க. என்கிட்ட ஒரு நாள் கேட்டிருக்கீங்களா?"

அவளே கையை நீட்டி அவர் கண்ணாடியைக் கழற்றி அவருடைய கோட்டுப் பையில் போட்டாள். "தோ, அங்க தோட்டா அறைக் கதவு தெறந்திருக்கு. உள்ள பலகையைப் படிங்க."

அறுபது தப்படி தூரம் இருக்கும். படித்தார். கன்னம், கண், கை, மூன்று வரியும் படித்தார். ஓரத்தில் பெயின்ட் வழிந்த இடத்தைக்கூடச் சொன்னார். தூரப் பார்வையில் அவருக்கு ஒரு குறையும் இல்லை! இதே கண்ணோடு வேறொருவன் கடைக்கு வந்திருந்தால், "உனக்கெதுக்குப்பா கண்ணாடி, வீட்டுக்குப் போ," என்று இரண்டே நிமிடத்தில் அனுப்பியிருப்பார்.

ஆனால் வெறும் கண்ணோடு சுட விட மாட்டார்கள், ரவையும் மண் துண்டும் தெறிக்கும். கிளப்பின் பெட்டியில் பவர் இல்லாத பாதுகாப்புக் கண்ணாடி ஒன்றே ஒன்று மிச்சம் இருந்தது. வெளிர் ரோஸ் கலர். யாரோ ஒருவருடைய மகள் விட்டுவிட்டுப் போனது. கண்ணாடிக்கடை முதலாளி அதை மாட்டிக்கொண்டு மைதானத்துக்கு வந்த கோலத்தைப் பார்த்து நான்கு பேர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

கன்னத்தை வைத்தார். குமிழ் கரைந்து போயிருந்தது. இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. பதற்றத்தோடு "விடு!" என்றார். தட்டு கிளம்பியது. அதன் விளிம்பு தெரிந்தது, விளிம்பில் இருக்கிற வரி தெரிந்தது, அது சுற்றுவது தெரிந்தது. குமிழைத் தேடியும் பயனில்லை என்பதால் கை பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. டமால். தட்டு பொடிப்பொடியானது.

"பட்டது."

ஏழாவதில் பழைய புத்தி எட்டிப் பார்த்தது, குழல் நின்றது. "போச்சு." பதினொன்றாவதிலும் அப்படியே. சுற்று நடக்கும்போது சுடுகிறவருக்கு யோசனை சொல்ல அவளுக்கு அனுமதி கிடையாது, சொல்லவும் இல்லை. ஆனால் அந்த "போச்சு"வைக் கேட்டவுடனே இன்றைக்கு அவருக்குப் புரிந்தது, நின்றுவிட்டேன் என்று. அடுத்த தட்டுக்குக் கை நிற்கவில்லை. நடுநடுவே இன்னும் ஐந்து தப்பினாலும், இருபத்துநான்கு தட்டு முடிந்தபோது பதினேழு. மிச்சம் ஒன்று.

"விடு" என்றார். தட்டு வலது பக்கம் தாழ்வாகப் பறந்தது. டமால். தட்டு பறந்துகொண்டே போய்ப் புல்லில் இறங்கியது. பல் டாக்டர் பெருமூச்சு விட்டார்.

"பட்டது," என்றாள் வீட்டுக்காரி.

எல்லோரும் திரும்பினார்கள்.

"ஏம்மா, அது முழுசாப் போய் விழுந்துச்சே," என்றார் பல் டாக்டர்.

"முழுசா இல்ல டாக்டர். வலது ஓரத்துல நகம் அளவுக்கு ஒரு துண்டு தனியாப் பறந்துச்சு. துண்டு தெரிஞ்சாப் போதும்னுதானே விதி."

விதி அதுதான். ஆனால் துண்டைப் பார்த்தவர் வேறு யாரும் இல்லை. புல்லில் போய்த் தேடலாம் என்றால் பல வருடத் துண்டுகள் அங்கே கொட்டிக்கிடக்கின்றன. பல் டாக்டர் தர்மசங்கடமாக நெளிந்தார். புருஷனுக்குப் பெண்டாட்டி சாட்சி என்று வெளியே சொல்லவில்லை, முகத்தில் எழுதியிருந்தது. நம்மவருக்கே சந்தேகம்தான். பரிதாபப்பட்டுச் சொல்லிவிட்டாளோ? அப்படியென்றால் அந்த இடம் வேண்டாம் என்று வாயைத் திறக்கப் போனார்.

அதற்குள் பேக்கரிக்காரன் பேசினான். நம்மவர் இடம் போனால் அது கிடைப்பது அவனுக்குத்தான்.

"எழுதிக்கோங்க டாக்டர். அத்தானைப் பாத்துப் பதினோரு வருசமா 'போச்சு' சொல்ற வாய் அது. அவங்க கல்யாண நாள் அன்னிக்கே பன்னெண்டு தடவை சொன்னா. அக்கா பட்டதுன்னு சொன்னா பட்டதுதான்."

நம்மவர் துப்பாக்கியைக் கீழே வைத்தார். ஒவ்வொரு "போச்சு"வுக்கும் அவர் பல்லைக் கடித்திருக்கிறார், வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறார். அவை அத்தனையும் சேர்ந்துதான் இன்றைக்கு அவர் பக்கம் நின்றன. கண்ணில் தண்ணீர் வந்தது. ரோஸ் கண்ணாடி இருந்ததால் வெளியே தெரியவில்லை.

"சரிம்மா, எழுதிடுங்க," என்றார் பல் டாக்டர்.

அவள் கணக்குத் தாளை எடுத்தாள். கையை நீட்டினாள். போதவில்லை, இன்னும் நீட்டினாள். தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணைச் சுருக்கி, கட்டத்தைத் தேடினாள். நம்மவர் அதைப் பார்த்தார். எத்தனையோ தடவை கண்முன்னால் நடந்திருக்கும், இன்றைக்குத்தான் பார்த்தார். "எத்தன நாளா இப்படி, சொல்லக் கூடாதா?" என்று கேட்க வாயெடுத்தவர், மூடிக்கொண்டார். அதற்குப் பதில் அவருக்கே தெரியும்.

கோட்டுப் பையிலிருந்து மேல் பாதிக் கண்ணாடியை எடுத்தார். தலைகீழாகத் திருப்பினார். பவர் கீழே வந்தது. அப்படியே அவள் மூக்கில் வைத்து, காதுக்கு மேலே தூக்கிக்கொண்டு நின்ற கொக்கிகளை விழாமல் இரண்டு விரலால் பிடித்துக்கொண்டார். சுற்றி நின்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை, தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க," என்றாள் மெதுவாக, "இவ்வளவு கோணலாவா எழுதிட்டிருந்தேன்?"

"நாளைக்குக் காலைல கடைக்கு வந்துடு," என்றார் அவர். "நாற்காலில உக்காரு. நான் கேக்குறேன்."

அவள் தலையை ஆட்டினாள், கண்ணாடி நழுவியது, அவர் பிடித்தார். அப்புறம் கட்டத்துக்குள் நேராக, அழுத்தமாக, பதினெட்டு என்று எழுதினாள்.