அறுபத்தோராவது கோட்டுக்கு அப்பால்

பள்ளியிலிருந்து காய்ச்சலோடு வந்த மகளுக்கு மாத்திரை கொடுத்துப் படுக்கவைத்து, பக்கத்து வீட்டு அக்காவைத் துணைக்கு உட்காரவைத்துவிட்டு அவன் ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பியபோது உள்ளே கைதட்டிக்கொண்டிருந்தார்கள். நடுவில் அவன் மனைவி நின்றிருந்தாள். பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றிய தடம் மூக்கில் சிவந்திருந்தது.

"உங்க வீட்டம்மா சாதிச்சுட்டாங்கய்யா! அறுபத்தி ஒண்ணு!" என்று பேராசிரியர் அவன் தோளைத் தட்டினார்.

அவன் சிரித்தான். வாயால் மட்டும்.

ஆறு வருடமாக அவன் செய்து வந்த வேலை அது. வெற்றிடக் கலத்துக்குள் வாயுவைப் பீய்ச்சி, அதன்மேல் லேசரைக் கண்ணிமைக்கும் நேரத்தில் கோடானுகோடியில் ஒரு பங்குக்கு மட்டும் பாய்ச்ச வேண்டும். அந்த வேகத்தில் எலெக்ட்ரான் அணுவிலிருந்து பிய்த்துக்கொண்டு போகும். அலை திசை மாறியதும் போன வேகத்தில் திரும்பி வந்து, தன் அணுவிலேயே மோதி, சேர்த்துவைத்த ஆற்றலையெல்லாம் ஒளியாகக் கக்கும். அந்த ஒளியின் அதிர்வு லேசரின் அதிர்வைப்போல இருபத்தொன்று, இருபத்துமூன்று, இருபத்தைந்து என்று ஒற்றைப்படை மடங்குகளில், தனித்தனிக் கோடுகளாகத் திரையில் நிற்கும். எண் ஏற ஏறச் சாதனை பெரிது. அவனுடைய கோடுகள் முப்பத்தொன்றைத் தாண்டியதே இல்லை.

ஆராய்ச்சியை விட்டுப் பிள்ளை பெற்று ஐந்து வருடம் வீட்டிலிருந்த மனைவிக்கு இங்கே இடம் வாங்கித்தரப் பேராசிரியரிடம் மூன்று முறை நடந்தவன் அவன்தான். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பது இதுதான் போலிருக்கிறது. வந்த பதினோராவது வாரத்தில் அவள் ஆர்கான் வாயுவை எடுத்துவிட்டு நியான் வாயுவை உள்ளே விட்டாள். வாயு பீய்ச்சும் குழாய் முனையை லேசர் குவியும் இடத்திலிருந்து நான்கு மில்லிமீட்டர் தள்ளிவைத்தாள். அவ்வளவுதான், கோடுகள் அறுபத்தொன்றுவரை போய்விட்டன. நான்கு வருடம் முன்பு அவனும் நியானை விட்டுப் பார்த்திருக்கிறான். முனையைத் தள்ளிவைக்கத்தான் தோன்றவில்லை. 'தேறாது' என்று நோட்டில் எழுதி மூடிவிட்டான்.

மாலை வீட்டில், மகளின் தலைமாட்டில் உட்கார்ந்து மனைவி அந்தக் கோடுகளின் வரைபடத்தை நீட்டினாள். "திங்கக்கிழமை பத்திரிகைக்குக் கட்டுரை அனுப்பணும். நீங்க ஒரு தடவை பாத்துடுங்க. நடுநடுவுல குட்டிக்குட்டியா மேடு இருக்கு பாருங்க, அது இரைச்சல்தானே? வழிச்சு விட்டுடவா?"

அவன் பார்த்தான். நாற்பத்துமூன்றுக்குக் கீழே ஒவ்வொரு இடைவெளியிலும் இரண்டிரண்டு மேடுகள், அளந்து வைத்ததுபோல. இரைச்சல் இப்படி வரிசையில் நிற்காது. ஒளியைப் பிரிக்கும் தகடு ஒவ்வொரு கோட்டையும் இன்னொரு முறை மங்கலாக, பாதி எண்ணுக்குரிய இடத்தில் போட்டுக்காட்டும். முதல் வருடம் முழுக்க அவனை அலைக்கழித்த பேய் அது. கடைசி மேடு நாற்பத்திரண்டரையில் நின்றது. அப்படியானால் உண்மையான கோடு அதன் இரு மடங்கு, எண்பத்தைந்து. அவள் போன தூரம் அவளுக்கே தெரியவில்லை. கோடுகளைப் பிடிக்கும் கேமராவின் பார்வை அறுபத்தொன்றோடு முடிந்துவிடுகிறது. அந்த இடத்தில் அதைத் திருகிப் பொருத்தியவன் அவன்தான்.

"ஆமா, இரைச்சல்தான். வழிச்சுடு" என்றான்.

"நீங்க சொன்னா சரி."

அவன் வரைபடத்தை மடித்து அவளிடமே கொடுத்தான்.

மறுநாள் சனிக்கிழமை. சின்ன ரிப்பேர் என்று சொல்லிவிட்டுக் காலையிலேயே கிளம்பினான். கலத்தைத் திறந்து, கேமராவை இரண்டு விரற்கடை நகர்த்தி, மறுபடி மூடிக் காற்றை வெளியேற்றினான். பம்ப் மூன்று மணி நேரம் உறுமியது. பதிவேட்டில் தேதியை எழுதி, பக்கத்தில் தன் பெயரை மட்டும் எழுதினான்.  

லேசரைத் திறந்தான். இருண்ட திரையில் கோடுகள் எழுந்தன. அறுபத்துமூன்று, அறுபத்தைந்து, அதற்கும் அப்பால், மெல்லிய கம்பிகளாக. ஆறு வருடம் காத்திருந்த காட்சி. அவனுக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. யாரையாவது கையைப் பிடித்து இழுத்துவந்து காட்ட வேண்டும். யாரை என்று யோசித்தபோது ஒரே ஒரு முகம்தான் வந்தது. இந்த ஒளியைப் பெறுவது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்த முகம்.

போனை எடுத்தான். "கிளம்பி வா."

"பாப்பாவுக்கு இப்பதான் காய்ச்சல் விட்டிருக்கு. என்ன ஆச்சு?"

"அக்காகிட்ட விட்டுட்டு வா."

அரைமணி நேரத்தில் மூச்சிரைக்க வந்தாள். திரையைப் பார்த்ததும் பை தோளிலிருந்து நழுவியது. அவன் பிடித்துக்கொண்டான்.  பிறகு திறந்திருந்த பதிவேட்டில் அந்த ஒற்றைப் பெயரைப் படித்தாள். திரும்பி அவனைப் பார்த்தாள்.

"அந்த மேடெல்லாம் இதுதான்னு நேத்தே தெரியும், இல்ல?"

 

அவள் நாற்காலியை இழுத்து, அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். திரைக்கு ஓர் அங்குலம் முன்னால் விரலை நிறுத்தி எண்ணத் தொடங்கினாள். "அறுபத்தி மூணு... அறுபத்தஞ்சு... அறுபத்தேழு..." அவள் பையை மார்போடு அணைத்தபடி அவன் நின்றான். எழுபத்தொன்பதில் அவள் குரல் உடைந்தது. விரல் மட்டும் நிற்காமல் அடுத்த கோட்டுக்கு நகர்ந்தது.