கணக்கில் வராத கணுக்கால்

தெருவில் எல்லோருக்கும் அவள் பார்லர் அக்கா. முடி வெட்டுவதும் புருவம் திருத்துவதும் பிழைப்பு. நாள் முழுக்க நின்றுகொண்டே செய்கிற வேலை. போன மழைக்காலத்தில் கடை வாசலில் வழுக்கி விழுந்து அவளுக்கு வலது கணுக்கால் முறிந்தபோது, பெரிய டாக்டர் ஓர் ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னார். முறிந்த எலும்பைச் சேர்க்கச் சிலருக்கு வழக்கமான உலோகத் திருகு, சிலருக்கு உடம்புக்குள்ளேயே கரைந்துபோகிற புதுத் திருகு. யாருக்கு எது என்று கம்ப்யூட்டர் குலுக்கிப்போட்டுச் சொல்லும். இவளுக்குப் புதுசு விழுந்தது. அதிர்ஷ்டக்காரி என்று அக்கம்பக்கத்தில் பேசிக்கொண்டார்கள்.

அந்த அதிர்ஷ்டத்தைத்தான் டாக்டர் இப்போது எக்ஸ்ரே திரையில் பேனாவால் சுட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். ஆறாம் மாதப் பரிசோதனைக்கு வந்திருந்தாள். திருகு சொன்னபடியே கரைந்துவிட்டது. என்ன, எலும்பு கூடுவதற்கு முன்னாலேயே கரைந்துவிட்டது. மூட்டு ஒரு பக்கமாக விலகி நின்றது.

"மறுபடி ஆபரேஷன் பண்ணணும்மா," என்றார். "சீக்கிரமே காலை ஊனி நடந்துட்டீங்க போல."

"நானா?"

"ஆறு வாரம் கால் தரையில படக்கூடாதுன்னு சொல்லியிருந்தோமே. நின்னு செய்யற தொழில். கடையைத் திறந்திருப்பீங்க. தப்பு சொல்லலை, பிழைப்பு அப்படி."

மூலை நாற்காலியில் உட்கார்ந்திருந்த நாத்தனார் எழுந்தாள். புருஷனுக்கு அக்கா, அதே வீட்டில்தான் இருக்கிறாள். கல்யாணமான நாளிலிருந்து இருவரும் ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்பதில்கூட ஒத்துப்போனதில்லை.

"யாரைச் சொல்றீங்க டாக்டர், இவளையா? இவ நடக்கலை. நான் விடலை. செருப்பை எடுத்து என் பீரோவுல வச்சுப் பூட்டினேன். பாத்ரூமுக்குப் போறதுக்கும் நான்தான் தோள் கொடுத்தேன், என் முதுகே போச்சு. இவ நல்லவன்னு சொல்ல வரலை. வாய் ஜாஸ்தி, சோம்பேறி, டீ போட்டா வாயில வைக்க முடியாது. ஆனா நடக்கலை."

இப்படி ஒரு நற்சான்றிதழ் இந்த ஜென்மத்தில் கிடைக்கும் என்று பார்லர் அக்கா எதிர்பார்த்ததே இல்லை. சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கியது.

டாக்டர் கெட்டவர் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். விழுந்த அன்று வலியில் கத்தியவளின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவர். அந்தத் திருகுக்காகத் தலை நரைக்க உழைத்தவர். பெற்ற பிள்ளை பரீட்சையில் தேறவில்லை என்றால் எந்தத் தகப்பனுக்குத்தான் மனசு ஆறும்? அதற்காகப் பக்கத்து வீட்டுக்காரி தலையில் பழியைப் போடலாமா?

"மூணாம் மாசம் நீங்களே பரவாயில்லைன்னு சொன்னீங்களேம்மா."

"மரியாதைக்குச் சொன்னேன் டாக்டர். இவ்வளவு பாடுபட்டவர்கிட்ட வலிக்குதுன்னு எப்படிச் சொல்றது? உயிர் போச்சு அப்பவே."

சொன்ன பிறகு அவளுக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது. என்ன மரியாதை வேண்டிக்கிடந்தது?

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். குரல் இறங்கியது. "ஒண்ணு பண்ணலாம். ஆராய்ச்சியில இருந்து நானா விலகிக்கறேன்னு ஒரு கையெழுத்து போட்டுடுங்க. அடுத்த வாரமே ஆபரேஷன், நானே பண்றேன். இல்லைன்னா பொது வரிசைதான். வருஷக் கடைசி வரைக்கும்கூட ஆகும்."

அடுத்த வாரம்! கடை பாதி நேரம் மூடிக் கிடக்கிறது. வாடிக்கைக்காரிகள் ஒவ்வொருத்தியாக எதிர்த் தெருக் கடைக்கு நழுவுகிறார்கள். ஸ்டூலில் உட்கார்ந்து வெட்டினால் பின்னந்தலை கோணிப்போகிறது. யாருடைய ஆராய்ச்சியோ எக்கேடும் கெடட்டும், எனக்கு என் கால் வேண்டும் என்று நினைத்துக்கொண்டு பேனாவை வாங்கினாள்.

கதவு திறந்திருந்தது. வெளியே வராந்தாவில் கணுக்காலில் கட்டோடு ஒரு கூரியர்காரர் சக்கர நாற்காலியில் இருந்தார். ஆராய்ச்சி நர்ஸ் அவருக்கு இரண்டு திருகையும் படம் காட்டி விளக்கிக்கொண்டிருந்தாள்.

"இந்தப் புதுசு போட்டு யாருக்காவது சரியில்லாம போயிருக்கா சிஸ்டர்?" என்று அவர் கேட்டார்.

"இதுவரைக்கும் எங்க கணக்குல யாரும் இல்லைங்க," என்றாள் நர்ஸ். பொய் சொல்லவில்லை. அவள் கணக்கில் இருந்தது அவ்வளவுதான்.

பார்லர் அக்காவின் கை நின்றுவிட்டது. இந்தக் கையெழுத்தைப் போட்டால் தன் கால் அந்தக் கணக்கில் ஏறாது, நாளைக்கும் அதில் யாரும் இருக்கமாட்டார்கள். தனக்கு முன்னால் இதே நாற்காலியில் எத்தனை பேர் பரவாயில்லை என்று சிரித்துவிட்டு எழுந்து போனார்களோ, யார் கண்டது? கோபம் வந்தது. நல்ல கோபம், முதுகை நிமிர்த்துகிற கோபம்.

பேனாவை மேஜையில் வைத்தாள். "சிஸ்டர், கொஞ்சம் உள்ள வாங்க," என்று குரல் கொடுத்தாள். நர்ஸ் வந்ததும் கேட்டாள்: "நான் விலகலைன்னா என்ன ஆகும்?"

நர்ஸ் டாக்டரைப் பார்த்தாள். ஆனாலும் சொன்னாள்: "விலகறது உங்க இஷ்டம். உங்களை வேற யாரும் தள்ள முடியாதுக்கா. சொன்னதைக் கேக்காம நடந்திருந்தாலும் சரி, நடக்காம இருந்திருந்தாலும் சரி, குலுக்கல்ல எந்தப் பக்கம் விழுந்தீங்களோ கடைசி வரைக்கும் அந்தப் பக்கத்துலதான் உங்களை எண்ணணும். இதுதான் விதி."

"அப்ப எண்ணுங்க. இன்னைக்கு என்ன டெஸ்ட் இருக்கோ எடுங்க."

"அவசரப்படாதீங்கம்மா," என்றார் டாக்டர்.

"ஆறு மாசம் பொறுத்தாச்சு டாக்டர்."

சுவர் ஓரம் நின்று, முறிந்த காலை மட்டும் ஊன்றி, குதிகாலைத் தரையிலிருந்து உயர்த்த வேண்டும். எத்தனை முறை உயர்த்துகிறாளோ அத்தனை மதிப்பெண். அவள் இடது காலை மடக்கினாள். பல்லைக் கடித்தாள். நெற்றியில் வியர்வை பொடித்தது, தொடை நடுங்கியது, குதிகால் மட்டும் அசைந்து கொடுக்கவில்லை. நாத்தனார் பதறிப்போய்க் கையை நீட்டினாள்.

"பிடிக்காதீங்க அண்ணி! பிடிச்சா கணக்கு தப்பாயிடும்."

நாத்தனார் கையை இழுத்துக்கொண்டாள். முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதாள். தன்னைத் திட்டுவதற்கென்றே பிறந்தவள் தனக்காக அழுவதைப் பார்லர் அக்கா பார்த்தாள், மறுபடியும் எம்பினாள். முடியவில்லை. சுவரில் சாய்ந்தாள்.

"எத்தனை சிஸ்டர்?"

"பூஜ்யம்க்கா."

"சத்தமா."

"பூஜ்யம்!"

வராந்தாவில் கூரியர்காரர் சக்கரத்தைத் திருப்பிக் கதவுக்கு நேராக வந்து நின்றார். யாரும் கதவைச் சாத்தவில்லை.

"வரிசையிலதான் வர வேண்டியிருக்கும்," என்றார் டாக்டர். குரலில் மிரட்டல் இல்லை. திரையில் இருந்த அவளுடைய எலும்பை முதல்முறையாகப் பார்ப்பவர்போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வரேன் டாக்டர். நொண்டிக்கிட்டே வரேன், வருஷக் கடைசின்னாலும் வரேன்." செருப்பில் காலை நுழைத்துக்கொண்டே கதவில் இருந்தவரைக் காட்டினாள். "ஆனா என்னை எண்ணிட்டு அப்புறம் அவர் காலைத் தொடுங்க."