பெட்டிக்குள் தலைவர்

ஆறு மணிச் சங்கு அடங்கியதும் சவப்பெட்டியின் மூடியைச் சாத்தினார்கள். உள்ளே உயிரோடு படுத்திருந்தவர் சபைத் தலைவர். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். எல்லோருக்கும் அவர் கிரேன்காரர்.

சபையின் வழக்கம் அது. உறுப்பினர் இறந்தால் உறுப்பினர்கள்தான் தோள் கொடுக்க வேண்டும். சேர வருகிறவர்கள் முதலில் தலைவரைப் பெட்டியில் வைத்து மாடியிலிருந்து கூடத்துக்கு இறக்கிக் காட்ட வேண்டும். உள்ளேயிருந்து சின்னச் சத்தம் வந்தாலும் தோல்வி. மறுபடி சேர வரவே முடியாது.

போன மாதம் ஓர் உறுப்பினர், முடிதிருத்துபவர், இறந்தார். மிச்சமிருந்தவர்களுக்கு முட்டி, முதுகு, மூச்சு, ஏதாவது ஒன்று மக்கர். கூலிக்கு ஆள் பிடித்துத் தூக்கினார்கள். அன்று யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. இந்த முறையும் ஆள் சேராவிட்டால் சபையைப் பூட்டிவிடுவது என்று முடிவானது.

கிரேன்காரர் மருமகனின் காலில் விழாத குறையாகக் கெஞ்சினார். மருமகன் எலக்ட்ரீஷியன். சாயங்காலம் கூடத்தில் டேபிள் டென்னிஸ் ஆடலாம் என்ற பிறகுதான் கூட்டாளிகள் மூன்று பேரை இழுத்துக்கொண்டு வந்தான்.

பெட்டி எழுந்தது.

"உன் மாமனாரு என்னடா இந்தக் கனம் கனக்கறாரு?"

"ஆளு கனமில்லடா. வீம்புதான் கனம்," என்றான் மருமகன்.

இருட்டுக்குள் கிரேன்காரர் சிரிப்பை விழுங்கினார்.

படி திரும்பும் இடம் குறுகல். பெட்டியைக் கைப்பிடிக்கு மேலே தூக்கித்தான் திருப்ப வேண்டும். அதை முன்கூட்டியே சொல்லித்தரக் கூடாது என்பதும் வழக்கம். காலமெல்லாம் மேலே உட்கார்ந்து பாரம் இறக்கியவர் அவர். தானே பாரமானது இதுதான் முதல் தடவை.

பெட்டி தூக்காமலே திரும்பியது. இடித்தது. யாருக்கோ கால் பிசகியது. அவர் உடம்பு ஒரு பக்கமாகச் சரிந்தது. பாரம் நழுவப்போகிறது என்று முதுகு சொன்னது. அவரையும் மீறிக் கை மூடியைத் தட்டியது.

பெட்டி அப்படியே நின்றது.

"டேய், தட்டறாருடா."

மூச்சு வாங்கும் சத்தம் மட்டும். பிறகு மரத்தை ஒட்டி மருமகனின் குரல், ரகசியமாக.

"பேசாதீங்க மாமா. புடிச்சிட்டேன்."

பெட்டி மெல்ல மேலே போனது, திரும்பியது, இறங்கியது. அதன் பிறகு ஆடவே இல்லை.

கூடத்தில் மூடியைத் திறந்தவர் செயலாளர், பேக்கரிக்காரர். கிரேன்காரர் எழுந்து உட்கார்ந்தார். சுவரோரம் நாற்காலிகளில் பழைய ஆட்கள். எதிரே வியர்த்து வழிந்துகொண்டு நாலு பையன்கள். மருமகனின் புறங்கையில் தோல் உரிந்து ரத்தம். பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே கையைக் கொடுத்திருக்கிறான்.

பேக்கரிக்காரர் சபை வழக்கப்படி முதலில் தூக்கி வந்தவர்களைக் கேட்டார்.

"உள்ளேருந்து சத்தம் வந்துதா?"

கூட்டாளிகள் தரையைப் பார்த்தார்கள். மருமகன் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

"இல்ல."

"எனக்குக் காது மந்தம்தான் தம்பி. ஆனாலும் ஏதோ கேட்ட மாதிரி இருந்துது."

"சுவத்துல இடிச்சிருக்கும்."

பேக்கரிக்காரர் தலையை ஆட்டினார். கிரேன்காரர் பக்கம் திரும்பினார்.

"இந்தக் கூடத்துக்குள்ள நீங்க பொய் சொல்லி நான் பார்த்ததில்ல, தலைவரே. சொல்லுங்க, தட்டுனீங்களா?"