எல்லாரும் ஒரே ஆள்

அன்று மாலைக்குள் மிளகாயின் வேலை நிரந்தரமா இல்லையா என்று தெரிந்துவிடும். அந்தப் பேர் அலுவலகம் வைத்தது. வீட்டின் முதல் பட்டதாரி. மனசுக்கும் வாய்க்கும் நடுவில் கதவு வைக்காமல் பிறந்தவள்.

மருத்துவமனைக்கு வீட்டிலிருந்தே டோக்கன் எடுக்கும் செயலியை, ஐபிவி6 என்கிற புதிய இணைய முகவரிகளிலும் ஓடும்படி மாற்றி, காலையில்தான் திறந்துவிட்டிருந்தார்கள். தரகர்கள் அள்ளிக்கொண்டு போகாமலிருக்க, ஒரு முகவரிக்கு ஒரு டோக்கன்.

சற்று நேரத்தில் அம்மா போன் செய்தாள். கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறவள்; முட்டிவலிக்கு டாக்டரைப் பார்க்க வேண்டும்.

"நீங்க ஏற்கெனவே டோக்கன் எடுத்தாச்சுங்குதுடி. நான் இப்பதான் தொட்டேன். உன் மெஷின் என்னைப் பொய்க்காரி ஆக்குது. இங்க கூட வேலை செய்யறவங்களுக்கும் இதே கதைதான்."

பக்கத்து மேசைக்காரன் காதில் விழுந்துவிட்டது. "ரெண்டு தடவை அமுக்கியிருப்பாங்க. அவங்க மாதிரி ஆளுங்க எல்லாரும் அப்படித்தான்."

"அவங்க மாதிரின்னா எந்த மாதிரி? படிக்கலன்னா விரல் கூடவா அடங்காது?"

அதே சூட்டோடு குழுத்தலைவரிடம் போனாள். அவரைத் தாடி என்பார்கள்.

"அண்ணா, நீங்க சோதிச்சது ஆபீஸ் நெட்வொர்க்ல. இங்க பூரா பழைய முகவரி. எங்கம்மா சிம்முக்குப் புது முகவரிதான் வருது. அதுல ஒரு தடவையாவது ஓட்டிப் பாத்தீங்களா?"

தாடியைச் சொறிந்தபடி, "கேள்வி நியாயம்தான். எவன் எழுதின வரின்னு பாரு, உண்டு இல்லன்னு பண்ணிடலாம்," என்றார்.

சர்வரின் பதிவைத் திறந்தாள். முழு முகவரி இருக்க வேண்டிய இடத்தில் அம்மா மாதிரி சிம் வைத்திருந்த எல்லாருக்கும் ஒரே நான்கு இலக்கம். பழைய முகவரியில் எண்களும் ஒற்றைப் புள்ளிகளும்தான். அது முடிந்ததும் மேலும் கீழுமாக இரட்டைப் புள்ளி, பிறகு போர்ட் என்கிற வாசல் எண். அதனால் இரட்டைப் புள்ளி வந்ததும் வெட்டு என்று நிரலில் ஒரு வரி. புது முகவரிக்கோ உடம்பு முழுக்க இரட்டைப் புள்ளிகள். வெட்டினால் முதல் துண்டுதான் மிஞ்சும். ஒரே நிறுவனத்தின் சிம் வைத்திருப்பவர்களுக்கு அந்தத் துண்டு ஒன்றேதான். முதலில் வந்த ஒருவர் டோக்கன் எடுக்க, பின்னால் வந்த அத்தனை பேரும் அவராகிப்போனார்கள்.

எழுதியவர் பெயரைப் பார்த்தாள். அவளேதான்.

எல்லாரும் ஒன்றுதான் என்று பக்கத்து மேசைக்காரன் வாயால் சொன்னதை அவள் ஒரே வரியில் எழுதி ஓடவிட்டிருந்தாள். அவன்மேல் இருந்த கோபம் குறையவில்லை. தனக்கும் ஒரு பங்கு ஒதுக்க வேண்டியிருந்தது. வேலையை விட்டுப் போனவன் ஒருவன் இருந்தான். அவன் தலையில் கட்டினால் யாரும் தோண்டப் போவதில்லை.

"யாரு?" என்றார் தாடி, பின்னால் வந்து நின்று.

"நான்தான்."

"இதை நாளைக்குக் கண்டுபிடிச்சிருக்கக் கூடாதா?"

"முட்டிவலி நாளை வரைக்கும் காத்திருக்குமா? நான் திருத்தற வரைக்கும் ஒரு முகவரிக்கு ஒரு டோக்கன்ங்கற தடையை எடுத்துடறேன். தரகன் கொஞ்சம் அள்ளினாலும் அள்ளட்டும்."

"ஏன் எடுத்தேன்னு மேனேஜர் கேப்பாரு."

"கேக்கட்டும். வாய் இருக்கு, சொல்றேன்."

சொன்னாள். நிரந்தரம் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போனது. மேனேஜர் அறையிலிருந்து வெளியே வந்தவள் நேராகத் தாடியிடம் வந்தாள்.

"புது முகவரி வர்ற சிம்மோட மலிவு போன் ஒண்ணு நமக்கு வேணும். இனிமே அதுல ஓடினாத்தான் ஓடினதுன்னு அர்த்தம்."

"அதுக்கும் அவர்தான் கையெழுத்துப் போடணும், தாயே."

"அப்ப திரும்பப் போறேன்," என்று வந்த வழியே திரும்பினாள்.