இருபத்தெட்டுக்கும் நாற்பத்து நான்குக்கும் நடுவே

இருபத்தெட்டு!

பத்து நிமிடம் முன்பு அதே திரையில் ரத்த அழுத்தம் நாற்பத்து மூன்று.

"நிறுத்துங்கம்மா!" அப்பன்காரன் அலறினான். லாரி டிரைவர். கண்ணாடிப் பெட்டிக்குள் கிடப்பவள் அவன் மகள். பிறந்து ஐந்து மணி நேரம். கழுத்தைச் சுற்றிய கொடியால் மூளைக்கு ஆக்சிஜன் போகாமல், நீலம் பாரித்து, அழாமலே வந்தவள்.

மருந்து மெக்னீசியம். ஒரு மணி நேரம் பம்ப் வழியாகச் சொட்டுச் சொட்டாக ஏற வேண்டும். பாதி ஏறியாயிற்று.

டாக்டரம்மா காலையிலேயே ஒளிக்காமல் சொல்லியிருந்தாள்: "மூளைக்கு உதவலாம், உறுதி சொல்லமாட்டேன். பிரஷர் இறங்கலாம், மூச்சு மந்தமாகலாம். இறங்கினா உடனே நிறுத்திடுவோம்."

சொன்னபடியே பம்பை நிறுத்தினாள். மெக்னீசியத்தை முறிக்கும் கால்சியம் ஊசியைக் கையில் எடுத்தாள்.

"ஒரு நிமிஷம் மேடம்."

தலைமை நர்ஸ். வார்டில் அவளுக்குப் பட்டப்பெயர் கழுகு. குழந்தையின் நெஞ்சை விரலால் அழுத்தி, விரலை எடுத்தாள். வெளுத்த தோல் கண் சிமிட்டும் நேரத்தில் சிவந்தது.

"பிரஷர் இருபத்தெட்டுன்னா இவ்ளோ சீக்கிரம் சிவக்காதே?"

கழுகின் பார்வை குழந்தையின் கைக்கு இறங்கியது. அதில் சுற்றியிருந்த பிரஷர் பட்டை தோளிலிருந்து முழங்கையைத் தாண்டி நின்றது.

"இதை யாரு மாத்தினது?"

"நான்தான்க்கா," என்றாள் புது நர்ஸ். "பழசு ஒட்டல. பக்கத்துப் பெட்டியில கிடந்தத எடுத்து..."

"அது பெரிய குழந்தைக்குள்ளது! அப்பா சட்டைய பாப்பாவுக்கு மாட்டின மாதிரி. பட்டை பெருசானா பிரஷர் குறைச்சுத்தான் காட்டும். தெரியாது?"

சின்னப் பட்டை வந்தது. காற்று ஏறி இறங்கியது. நால்வர் கண்ணும் திரையில்.

நாற்பத்து நான்கு.

"இன்னொரு தடவை," என்றாள் டாக்டரம்மா.

நாற்பத்தைந்து.

கால்சியம் ஊசி தட்டுக்குத் திரும்பியது. பம்ப் மறுபடி நகர்ந்தது. கழுகு கண்ணை எடுக்கவில்லை. கடைசிச் சொட்டு ஏறும்வரை எண் இறங்கவில்லை, மூச்சும் தளரவில்லை.

"முத டோஸ் தாங்கிட்டா," என்றாள் டாக்டரம்மா. "நாளைக்கு ஒண்ணு, நாளன்னிக்கு ஒண்ணு. மத்தது அப்புறம்தான் தெரியும்."

டிரைவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பதினஞ்சு வருஷமா மீட்டர் முள்ளப் பாத்துத்தான் வண்டி ஓட்டுறேன். நாப்பத்தி நாலு இவ்ளோ அழகான நம்பர்னு இன்னிக்குத்தாம்மா தெரியுது."

"திரை கிடக்கட்டும், அண்ணே," என்றாள் கழுகு. "பொண்ணப் பாருங்க."

பார்த்தான். அவன் உள்ளங்கைகூட நிறையாத அந்த நெஞ்சு, யாரும் சொல்லித்தராமல், ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.